பாதையா, பாலமா? தொழில் நடைமுறையை மாற்றியமைக்கும் அறிக்கையை முதன்முதலாக எழுதுகிறவர்களுக்கு

கிண்ணியாவிலிருந்து சின்ன லொறி ஒன்றை வாடகைக்குப் பிடித்துக்கொண்டு ஒரு நானா திருகோணமலை டவுனில் உள்ள ஹார்ட்வெயார் கடைக்கு வந்தார். இருபது பை சீமெந்து, பத்து மில்லிமீற்றர் கம்பி முப்பது, கொஞ்சம் கட்டுக்கம்பி, அவ்வளவுதான் அவருடைய தேவை. காலை 8.30க்குக் கடைக்குள் கால் வைத்தவர் சாமானை ஏற்றிக்கொண்டு ஸ்டோர் கேட்டைத் தாண்டும்போது மணி 11.15. நான் அன்றைக்கு ஒரு சீ.ஆர். கொப்பியும் பேனையும் கையில் வைத்துக்கொண்டு அவருக்குப் பின்னாலேயே திரிந்தேன். மனிதர் என்னை வருமான வரிக்காரன் என்று நினைத்திருக்க வேண்டும், ஒரு வார்த்தை கதைக்கவில்லை.

மொத்தம் 165 நிமிஷம். அதில் அவருடைய வேலைக்காக யாராவது உண்மையில் கையை அசைத்த நேரம் எவ்வளவு என்று கூட்டிப் பார்த்தேன். கவுண்டரில் பெடியன் என்னென்ன சாமான் என்று துண்டு எழுத 4 நிமிஷம், முதலாளி விலை சொல்ல 1, காசு மேசையில் பில் போட 6, ஸ்டோரில் கொப்பியில் பதிய 5, பில்லைத் திருத்த 5, லொறியில் ஏற்ற 20, கேட்டில் காவலாளி எழுத 2. கூட்டினால் 43. மிச்சம் 122 நிமிஷமும் அவர் சும்மா நின்றார், அல்லது அங்கேயும் இங்கேயும் அலைந்தார்.

தொழில் நடைமுறை மாற்ற அறிக்கை என்று நாம் பெரிதாகச் சொல்வது அந்த 122 நிமிஷம் எங்கே போனது, ஏன் போனது, அது போகாமல் இருக்க வேலையை எப்படி வேறு விதமாக அடுக்கலாம் என்பதை எழுதித் தருவதுதான். புத்தகத்தில் வணிகச் செயன்முறை மீள்வடிவமைப்பு என்று இருக்கும், கம்பஸ் பிள்ளைகள் பிபிஆர் என்பார்கள். பெயர் எதுவாக இருந்தாலும் சரி. டிப்ளோமாவுக்கு அசைன்மென்ட் செய்கிறவர்களும், அப்பாவின் கடையைத் திருத்தப் போகிறேன் என்று கிளம்புகிறவர்களும் என்னிடம் அடிக்கடி கேட்பது அறிக்கைக்கு என்னென்ன தலைப்புகள் போடுவது என்றுதான். தலைப்பு கடைசி வேலை. முதல் வேலை ஒரு துண்டின் பின்னால் நடப்பது.

அதற்கு முன் இந்த யோசனை எங்கிருந்து வந்தது என்பதைக் கொஞ்சம் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் பாதிப் பேர் சின்னச் சின்னத் திருத்தங்களுக்கு எல்லாம் இந்தப் பெயரை வைத்துவிடுகிறார்கள்.

1990இல் மைக்கேல் ஹாமர் என்ற அமெரிக்கர் ஹார்வார்ட் பிஸ்னஸ் ரிவியூவில் ஒரு கட்டுரை எழுதினார். அதில் அவர் எடுத்துக்காட்டியது ஃபோர்ட் கார்க் கொம்பனியின் கணக்குப் பிரிவை. சாமான் விற்றவர்களுக்குக் காசு கொடுப்பதற்கு மட்டும் வட அமெரிக்காவில் ஃபோர்டிடம் 500க்கு மேற்பட்ட ஆட்கள் இருந்தார்கள். கம்பியூட்டர் போட்டு அதை 400 ஆக்கலாம், 20 வீதம் மிச்சம் என்று திட்டம். அந்த நேரத்தில் மாஸ்டாவைப் பார்த்தார்கள். அங்கே அதே வேலைக்கு 5 பேர். மாஸ்டா சின்னக் கொம்பனிதான், அதைக் கழித்துப் பார்த்தாலும் ஃபோர்டின் பிரிவு இருக்க வேண்டியதைப் போல ஐந்து மடங்கு பெரிசு என்று தெரிந்தது.

ஃபோர்டில் என்ன நடந்துகொண்டிருந்தது தெரியுமா? கொள்வனவுப் பிரிவு ஓடர் எழுதி ஒரு பிரதியைக் கணக்குப் பிரிவுக்கு அனுப்பும். சாமான் வந்து இறங்கியதும் பொருள் கட்டுப்பாட்டுப் பிரிவு இன்னொரு கடதாசி அனுப்பும். விற்றவர் தன் பங்குக்கு இன்வொய்ஸ் அனுப்புவார். இந்த மூன்றையும் பக்கத்தில் வைத்து 14 விபரங்கள் பொருந்துகிறதா என்று பார்த்துத்தான் செக் எழுத வேண்டும். பொருந்தினால் பிரச்சினை இல்லை. பொருந்தாதவற்றைத் துருவிக்கொண்டு இருப்பதில்தான் ஆட்களின் நாள் போனது.

அவர்கள் கடைசியில் செய்தது அந்தப் பொருத்திப் பார்க்கும் வேலையை வேகமாக்குவதை அல்ல. இன்வொய்ஸே வேண்டாம் என்றார்கள். ஓடர் கணினியில் ஏறும், சாமான் வந்து இறங்கும் இடத்தில் நிற்கிறவர் கணினியைப் பார்ப்பார், ஓடரோடு சரியாக இருந்தால் ஏற்பார், அந்த நேரமே காசுக்கு வழி பிறந்துவிடும். சரியில்லை என்றால் லொறி திரும்பிப் போகும். "இன்வொய்ஸ் வந்தால் காசு" என்ற பழைய விதி போய் "சாமான் வந்தால் காசு" என்ற விதி வந்தது. ஆட்கள் தொகை 75 வீதம் குறைந்தது. மாட்டுத்தடத்துக்கு மேலே தார் ஊற்றாதீர்கள் என்று ஹாமர் அதே கட்டுரையில் சொல்கிறார். மாடுகள் வீதியின் நடுவில் நின்று அசைபோடும் ஊர் இது, எங்களுக்கு அது நன்றாகவே விளங்கும்.

ஆனாலும் திருகோணமலைக்காரருக்கு இதைச் சொல்ல எனக்கு ஃபோர்ட் தேவையில்லை, கிண்ணியா போதும். 2009 வரைக்கும் டவுனிலிருந்து கிண்ணியாவுக்குப் போக வேண்டுமென்றால் பாதைக்குக் காத்திருக்க வேண்டும். எங்கள் ஊர் வழக்கில் பாதை என்றால் வாகனத்தையும் ஆட்களையும் ஏற்றித் தண்ணீரைக் கடக்கும் மிதவை. அந்தக் காலத்தில் ஒருவரிடம் போக்குவரத்தைத் திருத்த அறிக்கை எழுதச் சொல்லியிருந்தால் என்ன எழுதியிருப்பார்? இன்னொரு பாதை விடலாம், எஞ்சினை மாற்றலாம், வரிசையில் நிற்பவர்களுக்கு நிழலுக்குக் கொட்டில் போடலாம், டிக்கட் கொடுக்க இரண்டு ஆட்கள் வைக்கலாம். எல்லாம் நல்ல யோசனைதான், எல்லாம் திருத்தம்தான். பிறகு 396 மீற்றருக்குப் பாலம் வந்தது. வரிசை, டிக்கட், எஞ்சின், கொட்டில் என்று எல்லாக் கேள்வியும் ஒரே நாளில் இல்லாமல் போய்விட்டன. அறிக்கை எழுத உட்காரும்போது உங்கள் யோசனை ஒவ்வொன்றுக்கும் பக்கத்தில் இது பாதையா பாலமா என்று பென்சிலால் குறித்துப் பாருங்கள். எல்லாம் பாலமாக இருக்க வேண்டும் என்று இல்லை, காசு இல்லாத கடைக்கு இரண்டாவது பாதையே பெரிய விஷயம். ஆனால் எது எது என்று எழுதுகிறவருக்குத் தெரிந்திருக்க வேண்டும்.

நடப்பது

எந்த வேலையைப் பார்க்கப் போகிறீர்கள் என்று முதலில் முடிவெடுங்கள். இங்கேதான் நிறையப் பேர் சறுக்குவார்கள். "விற்பனைப் பிரிவைப் பற்றி" என்று எழுதுவார்கள். பிரிவு ஒரு இடம், அது நடைமுறை அல்ல. நடைமுறைக்கு ஒரு தொடக்கமும் ஒரு முடிவும் இருக்கும், நடுவில் அது மூன்று நான்கு பிரிவுகளைக் குறுக்கே வெட்டிக்கொண்டு போகும். நான் அந்தக் கடையில் எடுத்துக்கொண்டது இவ்வளவுதான்: வாங்க வந்தவர் வாயைத் திறந்து சாமான் கேட்டதிலிருந்து அவருடைய வாகனம் கேட்டைத் தாண்டும் வரை. கடன் வசூல், கொழும்பிலிருந்து சரக்கு எடுப்பது, சம்பளம் எல்லாம் வெளியே. வெளியே என்பதையும் அறிக்கையில் ஒரு வரி எழுதிவிட வேண்டும், இல்லாவிட்டால் முதலாளி கேட்கும் முதல் கேள்வி "கடன்காரரைப் பற்றி ஒன்றும் இல்லையே" என்பதாகத்தான் இருக்கும்.

பிறகு நடங்கள். ஐபிஎம் கிரெடிட் என்ற கொம்பனியில் இப்படித்தான் நடந்தார்கள். ஐபிஎம் கணினி வாங்குபவர்களுக்குக் கடன் ஒழுங்கு செய்து கொடுப்பது அவர்கள் வேலை, ஒரு விண்ணப்பத்துக்குச் சராசரியாக ஆறு நாள் எடுத்தது. இரண்டு முகாமையாளர்கள் ஒரு விண்ணப்பத்தைக் கையில் எடுத்துக்கொண்டு ஒவ்வொரு மேசையாகப் போய், செய்கிற வேலையை விட்டுவிட்டு இதை இப்போதே முடித்துத் தாருங்கள் என்று கேட்டுக்கேட்டுப் போனார்கள். மொத்த வேலை 90 நிமிஷம்தான் இருந்தது. மிச்ச நாளெல்லாம் கடதாசி ஒரு மேசையிலிருந்து இன்னொரு மேசைக்குப் போகவும், அங்கே அடுக்கில் கிடக்கவும் செலவானது. கடைசியில் மேசைக்கு ஒருவராக இருந்த நிபுணர்களின் இடத்தில், ஒரு விண்ணப்பத்தைத் தொடக்கத்திலிருந்து முடிவு வரை தானே பார்க்கும் ஒரே ஆளை வைத்தார்கள், சிக்கலான விண்ணப்பம் வந்தால் மட்டும் நிபுணரைக் கூப்பிடலாம். நேரம் நான்கு மணித்தியாலமாக இறங்கியது.

ஒரு ஆளுக்குப் பின்னால் மட்டும் நடந்துவிட்டு எழுதக் கூடாது. குறைந்தது பதினைந்து இருபது துண்டுகள் வேண்டும், அதுவும் வேறு வேறு நாட்களில். வெள்ளிக்கிழமை ஜும்மாவுக்குக் கடை அரைவாசி காலியாகும், அந்த நாளை மட்டும் பார்த்தால் எல்லாம் ஒழுங்காக நடப்பது போலத் தெரியும். மாதமும் முக்கியம். இங்கே நவம்பர், டிசம்பரில் மழை அடிக்கும், கட்டட வேலை படுத்துவிடும். உப்புவெளி, நிலாவெளிப் பக்கம் விடுதி வைத்திருப்பவர்களுக்கு மே தொடங்கிச் செப்டம்பர் வரை சீசன், ஆகவே அதற்கு முந்திய மாதங்களில் பெயின்ட்டும் குழாயும் தகரமும் என்று கடைக்குப் படையெடுப்பார்கள். மார்ச்சில் அளந்ததையும் டிசம்பரில் அளந்ததையும் ஒரே அட்டவணையில் போட்டுச் சராசரி எடுத்தால் அந்தச் சராசரி எந்த மாதத்துக்கும் பொருந்தாது.

நடக்கும்போது எழுத வேண்டியவை அதிகம் இல்லை: துண்டு ஒருவர் கைக்கு வந்த நேரம், அவர் அதைத் தொட்ட நேரம், கையை விட்டுப் போன நேரம். வந்த நேரத்துக்கும் தொட்ட நேரத்துக்கும் நடுவில் உள்ள இடைவெளிதான் நாம் தேடும் சாமான். அதோடு, யாராவது ஒரு புத்தகத்தில் எதையாவது பதிந்தால் ஒரு கோடு போடுங்கள். அந்த நானாவின் இருபது பை சீமெந்து அன்று நான்கு இடத்தில் எழுதப்பட்டது. கவுண்டர் துண்டில் ஒரு முறை, பில்லில் ஒரு முறை, ஸ்டோர்காரருடைய கொப்பியில் ஒரு முறை, காவலாளியின் புத்தகத்தில் ஒரு முறை.

ஏன் என்று கேட்பது

எனக்கு அடி விழுந்த இடம் இது, அதனால் கொஞ்சம் நின்று சொல்கிறேன்.

ஸ்டோர் கடையிலிருந்து இரண்டு கிலோமீற்றர் தள்ளி இருந்தது. பில் புத்தகத்தில் மூன்று தாள். வெள்ளை வாங்குகிறவருக்கு, ரோசா ஸ்டோருக்கு, மஞ்சள் புத்தகத்திலேயே இருக்கும். ரோசாத் தாள் கையில் கிடைத்ததும் ஸ்டோர்காரர் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு அதைத் தன் கொப்பியில் திரும்பவும் ஒரு முறை எழுதுவார். ஐந்து நிமிஷம் போகும், பின்னால் வரிசை நீளும். நான் என் முதல் வரைவில் "தேவையற்ற இரட்டைப் பதிவு, நீக்கலாம்" என்று எழுதி, கீழே கோடும் போட்டிருந்தேன். பெருமையாகத்தான் இருந்தது.

அதை அவரிடம் காட்டிய பிறகுதான் விஷயம் தெரிந்தது. அவர் சிங்களத்தில் படித்தவர், தமிழ் நன்றாகக் கதைப்பார், வாசிக்க மாட்டார். துண்டும் பில்லும் தமிழில். போதாதற்கு ரோசாத் தாளில் கார்பன் சரியாக விழுவதில்லை. ஆகவே அவர் செய்வது பதிவு அல்ல, மொழிபெயர்ப்பு. பக்கத்தில் நிற்கும் லோடர் பெடியனிடம் ஒவ்வொரு வரியாகக் கேட்டுத் தன் எழுத்தில் எழுதிக்கொண்டு, அதைப் பார்த்துத்தான் சாமான் எடுத்துக் கொடுக்கிறார். நான் சொன்னபடி அந்தக் கொப்பியை நீக்கியிருந்தால் அடுத்த நாளே பத்து மில்லிமீற்றருக்குப் பன்னிரண்டு மில்லிமீற்றர் போயிருக்கும்.

ஆகவே எந்தப் படியையும் வெட்டுவதற்கு முன் அதைச் செய்கிறவரிடமே ஏன் என்று கேளுங்கள். ஒரு முறை கேட்டால் "எப்பவும் இப்படித்தான்" என்பார்கள். இரண்டாம் முறை கேட்டால் யாரோ சொன்னதாகச் சொல்வார்கள். மூன்றாம் முறை, தேநீர் நேரத்தில் கேட்டால்தான் கதை வரும். முதலாளி இல்லாமல் விலை குறைக்கக் கூடாது என்ற விதியின் கதையும் அப்படித்தான் வந்தது. பல வருஷத்துக்கு முன் கவுண்டரில் நின்ற ஒருவர் தன் கூட்டாளிகளுக்கு எல்லாம் விலை குறைத்துக் கொடுத்திருக்கிறார். அவர் வேலையை விட்டுப் போய்விட்டார், விதி மட்டும் இன்னும் நிற்கிறது. அந்த நானா அன்று 50 நிமிஷம் நின்றது யாரோ எப்போதோ செய்ததற்காக. முதலாளி வங்கிக்குப் போயிருந்தார், இருபது பை வாங்குகிறவருக்கு என்ன விலை என்று சொல்லக் கடையில் ஆள் இல்லை.

மிச்ச நிமிஷங்களையும் சொல்லிவிடுகிறேன். ஸ்டோருக்குப் போகவும் அங்கே வரிசையில் நிற்கவும் 25. பத்து மில்லிமீற்றர் கம்பி ஸ்டோரில் முடிந்துவிட்டது, கடைக்கு அது தெரியாது. போன் எடுத்து, கதைத்து, திரும்பிக் கடைக்கு வந்து, பன்னிரண்டு மில்லிமீற்றருக்குப் பில்லை மாற்றிக்கொண்டு மறுபடி ஸ்டோருக்குப் போனதில் 40. இன்ன காரணம் என்று சொல்ல முடியாத 7. கிண்ணியாவிலேயே ஹார்ட்வெயார் கடைகள் இருக்கும்போது அவர் பாலம் தாண்டி வந்தது விலை கொஞ்சம் குறைவு என்பதற்காக. லொறிக்காரர் வெயிட்டிங் கேட்டபோது அந்த மிச்சமும் போனது. கடையின் எந்தக் கணக்குப் புத்தகத்திலும் இந்தச் செலவு விழாது, ஏனென்றால் அது கடையின் காசு அல்ல. உங்கள் அறிக்கையில்தான் அது முதல் முறையாக எழுத்தில் வரப்போகிறது.

வரைவதும் கணக்கும்

இப்போது படம். பழைய கலண்டர் தாள் ஒன்றின் பின்பக்கம் போதும். ஆளுக்கு ஒரு வரிசை கீறுங்கள்: வாங்குகிறவர், கவுண்டர், காசு மேசை, முதலாளி, ஸ்டோர், கேட். இடமிருந்து வலமாக நேரம் ஓடட்டும். துண்டு யாருடைய வரிசைக்குத் தாவுகிறதோ அங்கே அம்புக்குறி. வேலை நடந்தால் பெட்டி, கேள்வி வந்தால் சாய்சதுரம், காத்திருந்தால் சிவப்பில் ஒரு வட்டம், வட்டத்துக்குள் நிமிஷம். வேலையை இப்படிப் படமாக்கும் பழக்கம் புதிது அல்ல, கில்பிரெத் தம்பதியர் 1921இலேயே அமெரிக்க இயந்திரப் பொறியியலாளர் சங்கத்தில் இதை முன்வைத்துவிட்டார்கள். கம்பியூட்டரில் அழகாக வரைவதைப் பிறகு செய்யலாம். தாளைச் சுவரில் ஒட்டிவிட்டு வேலை செய்கிறவர்களைக் கூப்பிட்டுக் காட்டுங்கள், அவர்கள் வந்து "இங்கே பிழை" என்று சொல்லும் வரைக்கும் அந்தப் படம் சரியில்லை என்று வைத்துக்கொள்ளுங்கள்.

கணக்கில் எனக்குப் பிடித்தது ஒன்று உண்டு, சின்னது, ஆனால் முதலாளிமாரை நிமிர்ந்து உட்கார வைக்கும். ஜோன் லிட்டில் என்பவர் 1961இல் நிறுவிக்காட்டிய விதி: உள்ளே நிற்கும் ஆட்களின் சராசரித் தொகை என்பது, மணித்தியாலத்துக்கு எத்தனை பேர் வருகிறார்களோ அதை ஒருவர் உள்ளே இருக்கும் சராசரி நேரத்தால் பெருக்கினால் வருவது. மணித்தியாலத்துக்கு 6 பேர் வருகிறார்கள், ஒவ்வொருவரும் 2.75 மணித்தியாலம் நிற்கிறார்கள் என்று வையுங்கள். 6ஐ 2.75ஆல் பெருக்க 16.5. எந்த நேரம் பார்த்தாலும் பதினாறு, பதினேழு பேர், அவர்களுடைய லொறி, ஆட்டோ, லேண்ட்மாஸ்டர் சகிதம். கடை வாசலில் இடம் போதாது, பக்கத்துக் காணியை வாகனம் நிறுத்த வாடகைக்கு எடுக்கலாமா என்று அந்த முதலாளி யோசித்துக்கொண்டிருந்தார். நேரத்தை ஒரு மணித்தியாலத்துக்குக் கொண்டுவந்தால் ஆறு பேர்தான் நிற்பார்கள், காணி எதற்கு?

ஒரு எச்சரிக்கை. என் முதல் அறிக்கையில் "செலவு 30 வீதம் குறையும்" என்று எழுதியிருந்தேன். எங்கிருந்தோ வாசித்த எண். முதலாளி கண்ணாடிக்கு மேலாகப் பார்த்து "எந்த முப்பது?" என்று கேட்டார். என்னிடம் பதில் இல்லை. அந்த ஒரு வரியால் மிச்ச நாற்பது பக்கமும் வீணாய்ப் போனது, அவர் அதற்குப் பிறகு புரட்டவே இல்லை. நீங்கள் அளக்காத எண்ணை எழுதாதீர்கள். அளந்தது குறைவாக இருந்தால் "18 துண்டுகள், ஐந்து நாட்கள்" என்று அப்படியே எழுதுங்கள், அதில் ஒரு வெட்கமும் இல்லை.

புதிய முறையை அடுக்குவது

எல்லோரும் சொப்ட்வெயாரில் தொடங்குவார்கள். நான் அதைக் கடைசியில் வைக்கச் சொல்வேன், ஏனென்றால் விதியை மாற்றாமல் சொப்ட்வெயார் வாங்கினால் முதலாளிக்காக 50 நிமிஷம் காத்திருப்பது கணினித் திரையில் நடக்கும், அவ்வளவுதான் வித்தியாசம்.

சிவப்பு வட்டங்கள் ஒவ்வொன்றுக்கும் பின்னால் உள்ள விதியை எழுதி, அந்த விதி இல்லாமல் அது காப்பாற்றும் விஷயத்தை வேறு எப்படிக் காப்பாற்றலாம் என்று கேளுங்கள். விலை விதி காப்பாற்றுவது கடையை, களவிலிருந்து. அதற்கு முதலாளி கடையில் இருக்கத் தேவையில்லை. பத்துப் பைக்கு மேல் இவ்வளவு, ஐம்பதுக்கு மேல் முதலாளிக்குப் போன் என்று ஒரு விலைப் பட்டியலைக் கவுண்டரில் ஒட்டிவிட்டு, பின்னேரம் கடை பூட்டும்போது அன்று கொடுத்த விலைக் கழிவுகளை ஒரே தாளில் அவர் பார்த்துக் கையெழுத்து வைத்தால் போதும். ஸ்டோர்காரரின் கொப்பி காப்பாற்றுவது சரியான சாமானை. அதற்குப் பதில், அதிகம் போகும் அறுபது எழுபது சாமான்களுக்கு இலக்கம் கொடுத்து, பெயரைத் தமிழிலும் சிங்களத்திலும் அச்சடித்த ஒரே படிவம். கவுண்டரில் எண்ணிக்கையை மட்டும் எழுதினால் போதும், அதுவே பில், அதுவே ஸ்டோர் தாள். பில் போட்டதும் அதைப் படம் எடுத்து ஸ்டோருக்கு வட்ஸ்அப்பில் அனுப்பினால், வாங்கியவர் இரண்டு கிலோமீற்றர் போய்ச் சேரும் நேரத்தில் சாமான் அடுக்கியிருக்கும். ஸ்டோரில் இருப்பை காலை ஒரு முறை, மதியம் ஒரு முறை எண்ணி, முடியப்போகும் சாமான்களை மட்டும் கடைக்கு அறிவித்தால் அந்த 40 நிமிஷக் கம்பிக் கதை திரும்ப நடக்காது. காவலாளி எழுத வேண்டாம், எண்ணிப் பார்த்துச் சீல் குத்தினால் சரி.

இதில் பாலம் எது, பாதை எது? வட்ஸ்அப் படம் பாதை, நல்ல வேகமான பாதை. இரு மொழிப் படிவம் பாலம், நான்கு பதிவு ஒன்றாகிவிட்டது. விலைப் பட்டியலும் பாலம்தான், ஏனென்றால் முடிவெடுக்கும் உரிமை ஒரு கதிரையிலிருந்து இன்னொரு கதிரைக்கு நகர்ந்திருக்கிறது. அதனால்தான் அதற்குத்தான் ஆகக் கூடுதலான எதிர்ப்பும் வந்தது.

எழுதுவதற்கு முன் ஒன்றைச் சின்னதாகச் செய்து பாருங்கள். நாங்கள் விலைப் பட்டியலை மட்டும் ஒரு செவ்வாயும் புதனும் ஒட்டிப் பார்த்தோம். அந்த இரண்டு நாளும் விலை கேட்க யாரும் காத்திருக்கவில்லை. ஆனால் ஒன்பது பை கேட்டவர்கள் எல்லாம் பட்டியலைப் பார்த்துவிட்டுப் பதினொன்று கேட்கத் தொடங்கினார்கள். அது நல்லதா கெட்டதா என்பது சரக்கைப் பொறுத்தது, மழைக்காலத்தில் சீமெந்தை அடைத்து வைப்பதைவிட நல்லதுதான். இப்படி ஒன்று வரும் என்று மேசையில் உட்கார்ந்து யோசித்தால் தெரிய வராது.

ஆட்கள்

பாதை வரிசையை நம்பிக் கச்சான் விற்றவருக்குப் பாலம் என்ன நல்ல செய்தியா? உங்கள் அறிக்கை கடைக்குள் நுழைந்ததும் ஒவ்வொருவரும் அதில் தேடுவது தன் வேலையைத்தான். 1990களின் நடுப்பகுதிக்குள் அமெரிக்காவில் மீள்வடிவமைப்பு என்ற சொல்லைக் கேட்டாலே ஆட்குறைப்பு என்று விளங்கிக்கொள்ளும் நிலை வந்துவிட்டது. இந்த யோசனையை ஆரம்பத்தில் எழுதியவர்களில் ஒருவரான தோமஸ் டேவன்போர்ட்டே 1995இல், இது மனிதரை மறந்துபோன ஒரு மோகம் என்று கண்டித்து எழுதினார். ஹாமரும் பிறகு, தன் பொறியியலாளர் புத்தியில் மனிதப் பக்கத்தைப் போதுமான அளவு கவனிக்கவில்லை என்று ஒப்புக்கொண்டார்.

ஆகவே பிழைகளைப் படிக்கு எதிரில் எழுதுங்கள், ஆளுக்கு எதிரில் எழுதாதீர்கள். "ஸ்டோர்காரர் தாமதப்படுத்துகிறார்" என்பதற்கும் "ரோசாத் தாள் வாசிக்க முடியாமல் இருப்பதால் ஸ்டோரில் 5 நிமிஷம் போகிறது" என்பதற்கும் உள்ள தூரம் பெரிது. ஒரு படியை நீக்குகிறீர்கள் என்றால் அதைச் செய்தவர் நாளைக் காலை வந்து என்ன செய்வார் என்று அதே பக்கத்தில் எழுதிவிடுங்கள். காவலாளிக்கு எழுதும் வேலை போனது, வாகனங்களை ஒழுங்காக உள்ளே விடும் வேலை வந்தது. அதை எழுதாமல் விட்டால் மிச்சத்தை அவர்களே எழுதிக்கொள்வார்கள், அதுவும் நீங்கள் நினைத்ததைவிட மோசமாக.

கடைசியாகத் தாளில்

இவ்வளவும் கையில் இருந்தால் எழுதுவது இரண்டு நாள் வேலை. பத்துப் பன்னிரண்டு பக்கத்துக்கு மேல் போகாதீர்கள். முதல் பக்கத்தைக் கடைசியில் எழுதுங்கள், அது தனியாக நிற்க வேண்டும்: என்ன பார்த்தோம், எங்கே நேரம் போகிறது, எந்த மூன்று விதியை மாற்றச் சொல்கிறோம், என்ன செலவு, எப்போது தொடங்கலாம். அதற்குப் பிறகு இப்போதைய நிலையின் படமும் நிமிஷக் கணக்கும். பிறகு விதிகளும் அவற்றின் கதைகளும், இது அறிக்கையின் நெஞ்சு, இதற்கு இரண்டு மூன்று பக்கம் கொடுங்கள். பிறகு புதிய படம், அதில் எதிர்பார்க்கும் நேரத்தை ஒற்றை எண்ணாகப் போடாமல் "50க்கும் 70க்கும் இடையில்" என்பது போலப் போடுங்கள். செலவில் படிவம் அச்சடிக்கும் காசு மட்டுமல்ல, ஆட்கள் பழகும் வரைக்கும் முதல் இரண்டு வாரம் கடை இன்னும் மெதுவாகத்தான் ஓடும் என்பதையும் சேருங்கள். எது பிழைத்தால் என்ன செய்வது என்று ஒரு பக்கம். யார், எதை, எந்தத் திகதிக்குள் என்று ஒரு அட்டவணை. கொப்பியில் எழுதிய மூலக் குறிப்புகள் பின்னிணைப்பாக.

அசைன்மென்ட்டுக்கு எழுதுகிறவர்கள் வரைவிலக்கணம், வரலாறு என்று முதல் நான்கு பக்கத்தை நிரப்புவது வழக்கம். விரிவுரையாளர் கேட்டால் போடத்தான் வேண்டும், அரைப் பக்கத்தோடு நிறுத்துங்கள். கடை முதலாளிக்குக் கொடுப்பதில் ஹாமரும் வேண்டாம், ஃபோர்டும் வேண்டாம்.

கொடுக்கும்போது மின்னஞ்சலில் தட்டிவிடாமல் நேரில் போய் உட்காருங்கள், கடை அடங்கியிருக்கும் பின்னேரம் நல்லது. கொப்பியையும் எடுத்துக்கொண்டு போங்கள். என் இரண்டாவது அறிக்கையை அந்த முதலாளி முதல் பக்கம் மட்டும் வாசித்தார், 50 நிமிஷம் என்ற இடத்தில் விரலை வைத்துக்கொண்டு, அது எந்த நாள், யார் வந்தது என்று கேட்டார். நான் கொப்பியில் அந்தப் பக்கத்தைப் பிரித்துக் கொடுத்தேன். 8.34 துண்டு எழுதி முடிந்தது, 9.24 விலை சொன்னது. வங்கியில் யாரோடு கதைத்துக்கொண்டு நின்றேன் என்று அவர் யோசித்தார் போலிருக்கிறது. கொஞ்ச நேரம் ஒன்றும் சொல்லவில்லை. பிறகு கவுண்டர் பெடியனைக் கூப்பிட்டு, அன்றைக்கு ஒட்டிய விலைப் பட்டியல் எங்கே, கிழித்துப் போட்டுவிட்டாயா என்று கேட்டார்.